சுவரொட்டி தின்றால் ரத்தம் ஊறுமா?

சுவரொட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தேர்தல், சினிமா, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா. அதெல்லாம் இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு கும்மிடிப்பூண்டி பக்கம் ஏதாவது ஒரு கறிக்கடையில் போய் நின்று, 'சுவரொட்டி இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். 'அது அப்பவே போயிடுச்சுண்ணே, நேத்தே சொல்லி வெச்சிருந்தாங்க' என்பார் கடைக்காரர்.

ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும். கருஞ்சிவப்பாக, தட்டையாக, வயிற்றின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயருக்குக் காரணம் அதுதானோ என்னவோ. பாடப்புத்தகத்தில் அதற்கு மண்ணீரல் என்று பெயர். வயதுக்கு வந்த பெண், பிள்ளை பெற்றவள், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், இவர்களில் யாராவது வீட்டில் இருந்தால் அது தேடப்படும். தணலில் வாட்டி, மிளகுத்தூள் தூவி, 'கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடும்மா, ரத்தம் ஊறும்' என்று ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவார்.

ஊறுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வாரம் கொஞ்சம் சுற்றப் போகிறோம். பாஸ்டன், பம்பாய், அன்டார்க்டிகா என்று. ஆனால் கிளம்ப வேண்டிய இடம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

பூண்டி நீர்த்தேக்கம் தெரியும் அல்லவா? அதற்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்று ஒரு கிராமம். 1863 செப்டம்பரில் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அங்கே வந்து கற்கோடரிகளைப் பொறுக்கினார்கள். இருவரும் நிலவியல் துறை ஆசாமிகள். அதே வருடம் மே மாதம்தான் பல்லாவரத்தில் ஃபுட்டின் கையில் முதல் கற்கருவி கிடைத்திருந்தது. அதற்கப்புறம் பலர் தோண்டினார்கள். 1999-ல் சாந்தி பப்புவின் குழு மறுபடி தோண்ட ஆரம்பித்தது. 2011-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அடியிலிருந்த கற்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

இருங்கள், அவசரப்பட்டு 'உலகின் முதல் தமிழன்' என்று போஸ்டர் அடித்துவிடாதீர்கள். பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் தமிழனும் இல்லை, தெலுங்கனும் இல்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸே இல்லை. அங்கே கல் உடைத்தது நமக்கு முந்தைய ஏதோ ஓர் இனம்.

அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? அத்திரம்பாக்கத்தில் எருமை, குதிரை இனத்து விலங்குகளின் பற்கள் சில கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. சமையல் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் எத்தியோப்பியாவில் பௌரி என்ற இடத்தில், 25 லட்சம் ஆண்டு பழைய எலும்புகளில் கல்லால் அறுத்த தடமும், கல்லால் அடித்து உடைத்த தடமும் இருக்கின்றன. அறுத்தது சதைக்காக. உடைத்தது எதற்கு?

நல்லிக்காக!

யோசித்துப் பாருங்கள். சிங்கமோ புலியோ அடித்துத் தின்று மீதம் வைத்த உடல். சதை போயிருக்கும். வயிற்றுப் பகுதி முதலிலேயே போயிருக்கும். மிஞ்சுவது தடித்த கால் எலும்பும் மண்டை ஓடும்தான். அவற்றை உடைக்கப் பல்லால் முடியாது, கல் வேண்டும். உள்ளே இருப்பதோ சுத்தமான கொழுப்பு. இஸ்ரேலில் கெசெம் குகையில் வாழ்ந்தவர்கள் ஒரு படி மேலே போனார்கள். கால் எலும்பைத் தோலோடு எடுத்து வைத்து, வாரக்கணக்கில் கழித்து உடைத்துத் தின்றிருக்கிறார்கள் என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. நான்கு லட்சம் முதல் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய சமாசாரம் அது. தோலும் எலும்பும்தான் அவர்களுக்கு டப்பா.

ஆக, மனிதனின் முதல் அனாடமி வகுப்பு சாப்பாட்டுக்காக நடந்தது. எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எதில் என்ன கிடைக்கும் என்பதை வெட்டுகிறவன்தான் முதலில் கற்றுக்கொண்டான். இன்றைக்கும் உங்கள் கறிக்கடைக்காரரைக் கவனியுங்கள். ஈரலை எடுக்கும்போது பித்தப்பையில் கத்தி படாமல் எடுப்பார். பட்டால் மொத்த ஈரலும் கசந்துவிடும். எந்தக் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை.

நம் மொழியும் இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். மூன்றும் ஈரல்தான். ஒன்று கல் மாதிரி கனம். ஒன்று பிசைந்தால் மண் மாதிரி உதிரும். ஒன்று நுரை. சட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கையால் தொட்டவன்தான் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியும் என்பது என் கட்சி.

ஆனால் ஆட்டை வெட்டி மனிதனைப் புரிந்துகொள்வதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ரோமாபுரி காலத்து வைத்தியர் கேலன் குரங்கையும் பன்றியையும் மாட்டையும் அறுத்துப் பார்த்து மனித உடலைப் பற்றி எழுதினார். குளம்புள்ள விலங்குகளின் மூளைக்கு அடியில் ஒரு ரத்தநாள வலை உண்டு. மனிதனுக்கும் உண்டு என்று எழுதிவிட்டார். கிடையாது. 1543-ல் வெசாலியஸ் புத்தகம் எழுதிச் சரிசெய்கிற வரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா கேலனை நம்பியது. அதே கேலன் இன்னொன்றும் சொன்னார்: சாப்பாட்டை ரத்தமாக மாற்றுவது கல்லீரல். இதுவும் தப்பு. ஆனால் சுவாரசியமான தப்பு.

சரி, சுவரொட்டிக்கு வருவோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். லாரி லாரியாகப் பழைய இரும்பு வரும். உடைந்த வண்டி, துருப்பிடித்த தகடு, என்னவென்றே தெரியாத சாமான். உலையில் உருக்கிக் கம்பியாக இழுத்து வெளியே அனுப்புவார்கள். உங்கள் உடம்பிலும் இப்படி ஒரு காயலாங்கடை இருக்கிறது. அதுதான் மண்ணீரல்.

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடு தட்டிய அணுக்களைப் பிடித்து, உடைத்து, உள்ளே இருக்கும் இரும்பைப் பிரித்தெடுத்து மறுபடி எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பும் வேலையில் பெரும்பங்கு மண்ணீரலில் நடக்கிறது. நான் பி.காம். படித்தவன். உடற்கூறு என் பாடமில்லை, வரவு செலவு புரியும். புதுச் சிவப்பணு செய்ய உங்கள் உடம்புக்குத் தினமும் தேவைப்படும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பு உறிஞ்சுவது வெறும் 1 முதல் 2 மில்லிகிராம். மீதி எல்லாம் பழைய இரும்புதான். புதுச் சரக்கு கொள்முதல் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் ஓடுகிற ஒரே ஃபாக்டரி நம் உடம்பு.

காயலாங்கடையில் இரும்பு குவிந்து கிடக்கும்தானே? கிடக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் செம்மறி ஆட்டு மண்ணீரலில் சுமார் 42 மில்லிகிராம் இரும்பு. ஈரலில் ஏழு சொச்சம். சாதாரணக் கறியில் இரண்டு தேறினால் அதிகம். அதுவும் கீரையில் இருக்கிற இரும்பு மாதிரி இல்லை. ரத்தத்திலிருந்து வந்த இரும்பு என்பதால் நம் குடல் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் ரகம்.

பாட்டி ஜெயித்தார்.

ஒருநாள் தின்றுவிட்டு மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று கன்னம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு துண்டு சுவரொட்டியில் இருப்பது சில நாள் சம்பளம். பல வருடக் கடன் அதில் அடையாது.

இனி ஈரல். இதன் கதை இன்னும் பெரியது. நம் ஊர் ஆள் ஒருவரும் இதில் வருகிறார்.

1920-கள் வரைக்கும் ஒரு வகை ரத்தசோகை வந்தால் சாவு நிச்சயம். டாக்டர்கள் நாள் குறித்துவிடுவார்கள். ஜார்ஜ் விப்பிள் என்ற அமெரிக்கர் நாய்களின் ரத்தத்தை வடித்து அவற்றைச் சோகையாக்கி, விதவிதமாகத் தீனி கொடுத்துப் பார்த்தார். ஈரல் தின்ற நாய்கள் சீக்கிரம் தேறின. இதைப் படித்த பாஸ்டன் டாக்டர்கள் மைனாட், மர்ஃபி இருவரும் 1926-ல் 45 நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்து, பிழைத்ததாக அறிவித்தார்கள். லேசாக வெந்தும் வேகாமலும், கால் கிலோ வரை, தினம் தினம்! பல பேர் ஈரலைப் பார்த்தாலே ஓடினார்களாம். ஓடியவர்கள் செத்தார்கள், தின்றவர்கள் பிழைத்தார்கள். 1934-ல் மூன்று பேருக்கும் நோபல் பரிசு.

வேடிக்கை என்னவென்றால், விப்பிளின் நாய்கள் தேறியது ஈரலில் இருந்த இரும்பால். மைனாட்டின் நோயாளிகள் பிழைத்ததோ வேறு ஒரு பொருளால். கணக்கு தப்பு, விடை சரி. அந்த வேறு பொருள் என்ன என்று கண்டுபிடிக்க மேலும் இருபது வருடங்கள் பிடித்தன. இடையில் வில்லியம் காஸில் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அடுத்த மூன்று வரியைத் தாண்டிவிடலாம். அவர் மாட்டுக்கறியைத் தின்று, ஒரு மணி நேரம் கழித்து அதைத் தன் வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, பக்குவப்படுத்தி, நோயாளிகளுக்குக் குழாய் வழியே செலுத்தினார். நோயாளிகள் தேறினார்கள்! கறியை நேரடியாகக் கொடுத்தபோது தேறவில்லை. ஆக, குறை அவர்களின் சாப்பாட்டில் இல்லை. அவர்கள் வயிற்றில் சுரக்க வேண்டிய ஏதோ ஒன்று சுரக்கவில்லை. அது இல்லாமல் பொருள் உடம்பில் சேராது. கால் கிலோ ஈரலை ஏன் தின்ன வேண்டியிருந்தது என்பதற்கு விடை இதுதான். ஈரல் ஒரு குடோன். அங்கே சரக்கு அவ்வளவு இருந்ததால், ஒழுகுகிற வாளியிலும் கொஞ்சம் தங்கியது. அந்தச் சரக்கு 1948-ல் சிவப்புப் படிகமாகக் கையில் கிடைத்தது. பெயர் வைட்டமின் பி12.

இப்போது பம்பாய். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அங்கே வந்து இறங்கினார். பஞ்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் கர்ப்பமானால் கொடிய சோகை வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். சுத்திகரித்த ஈரல் சாறு அவர்களுக்கு வேலை செய்யவில்லை. சாதாரண ஈரலும், மார்மைட் என்கிற ஈஸ்ட் களிம்பும் வேலை செய்தன. அப்படியென்றால் ஈரலுக்குள் இன்னொரு பொருளும் இருக்கிறது! 1931-ல் அதை எழுதி வைத்தார். என்ன பொருள் என்பதை மட்டும் அவரால் பிடிக்க முடியவில்லை.

பிடித்தவர்களில் முக்கியமானவர், சென்னையில் அனாடமி வாத்தியாராக இருந்த ஒருவர்.

எல்லாப்ரகடா சுப்பாராவ். 1895-ல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தி சொன்னார் என்று கதரில் அறுவை சிகிச்சை அங்கி போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, ஒரு படி கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. அரசாங்க மருத்துவ வேலையும் இல்லை. சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். குடலில் எதுவும் ஒட்டாமல் போகும் ஸ்ப்ரூ என்ற நோய். இவருக்கும் அதே நோய் வந்து, ஆயுர்வேத டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் வேலை. 1922-ல் மாமனார் தந்த பண உதவியுடன் பாஸ்டன் போய் இறங்கினார்.

அங்கே வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவும் வேலை. பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி. ஈரல் சாற்றில் அப்போதே அவருக்கு மோகம். 1940-ல் ஹார்வர்டை விட்டு லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். 1945-ல் அவர் தலைமையில் இருந்த குழு, ஈரலில் கண்ட அந்தப் பொருளைப் பரிசோதனைச் சாலையில் செய்தே காட்டியது. ஃபோலிக் அமிலம்! லூசி வில்ஸ் தேடியது அதைத்தான். ஸ்ப்ரூ நோயில் வரும் சோகையைக் குணப்படுத்தியதும் அதுதான். சகோதரர்கள் செத்துச் சுமார் கால் நூற்றாண்டு கழித்து அந்த மருந்து வந்தது. மூன்றே வருடம் கழித்து, 1948-ல், சுப்பாராவ் 53 வயதில் இறந்தார். இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995-ல். அவர் படித்த ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? விசாரித்துப் பாருங்கள். எனக்கு இதில் கொஞ்சம் ஆத்திரம் உண்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே சிவப்பு மாத்திரை, அதில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பாட்டியின் சுவரொட்டியும் பாஸ்டன்காரர்களின் ஈரலும் சேர்ந்து ஒரு மாத்திரை. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! அன்றைய பம்பாய் ஆலைப் பெண்களின் இடத்தில் இன்று நம் தொழிற்பேட்டைகளின் ஒப்பந்தப் பெண்களை வைத்துப் பாருங்கள். ஷிப்ட் பஸ்ஸுக்கு அவசரமாக ஒரு டீ, ஒரு பன். அந்த டீயோ, சோற்றிலும் கீரையிலும் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

அதற்காக எல்லா உறுப்புக்கும் பாட்டி சொன்னதே வேதம் என்று நினைத்துவிட வேண்டாம். 'எது பலவீனமோ அதைத் தின்னு' என்பது பல நாட்டு நம்பிக்கை. மண்ணீரலில் அது பலித்தது. கணையத்தில் பலிக்கவில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்தான இன்சுலின் ஆட்டு, மாட்டுக் கணையத்தில் இருப்பது நிஜம். 1920-களிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு அறுப்புக்கூடக் கணையங்களிலிருந்துதான் எடுத்தார்கள். ஈரல் வைத்தியம் கண்ட மைனாட்டே சர்க்கரை நோயாளி, அந்த ஊசியால்தான் உயிரோடு இருந்தார். ஆனால் கணையத்தை வறுத்துத் தின்றால்? ம்ஹூம். இன்சுலின் ஒரு புரதம். வயிறு அதைப் பருப்பைச் செரிப்பது போலச் செரித்துவிடும். மூளை தின்றால் மூளை வளராது, 100 கிராமில் 1000 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கிடைக்கும். உடைந்த எலும்புக்கு ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். சுண்ணாம்புச் சத்து எலும்பிலேயே தங்கிவிடும், குழம்பில் இறங்குவது சொற்பம். சூப்பைக் குடியுங்கள், ருசிக்காக.

குடோனில் சரக்கு அதிகம் என்பதிலேயே ஆபத்தும் இருக்கிறது. 1913 ஜனவரி, அன்டார்க்டிகா. டக்ளஸ் மாசனும் சேவியர் மெர்ட்ஸும் உணவு தீர்ந்துபோய், வண்டி இழுத்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். ஈரல் மெத்தென்று இருந்ததால் மெர்ட்ஸுக்கு அது அதிகம் போனது. தோல் உரிந்து, புத்தி பேதலித்து அவர் இறந்தார். நாய் ஈரலில் குவிந்திருந்த வைட்டமின் ஏ-தான் காரணமாக இருக்கும் என்று 1969-ல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆட்டு ஈரல் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் 100 கிராமில் ஒரு வாரத் தேவைக்கும் மேலான வைட்டமின் ஏ இருக்கிறது. அளவுக்கு மீறினால் கருவுக்கு ஆகாது. கர்ப்பிணிகள் ஈரல் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டிஷ் அரசு 1990-லேயே சொல்லிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசையாக வாராவாரம் ஈரல் வறுத்துக் கொடுக்கும் மாமியார்கள் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. குடோனுக்கு நல்ல சரக்கு, கெட்ட சரக்கு என்ற பேதம் தெரியாது. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைப் பாழாக்கி அந்த இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்தது. 2004-ல் காரணம் தெரிந்து, 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. காட்மியம் என்ற உலோகமும் இப்படித்தான், சிறுநீரகத்திலும் ஈரலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐரோப்பியச் சட்டத்தில் ஆடு, மாடு, பன்றிக்கு உள்ள காட்மியம் உச்சவரம்பைப் பாருங்கள். ஒரு கிலோ கறிக்கு 0.05 மில்லிகிராம், ஈரலுக்கு 0.5, சிறுநீரகத்துக்கு 1. அதாவது கறியை விட இருபது மடங்கு சேரும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

தொழிற்சாலைச் சுவர் ஓரமாக, மழைநீர்க் கால்வாய் ஓரமாக ஆடுகள் மேய்வதை சிப்காட் சாலைகளில் போகிறவர்கள் யாரும் பார்க்கலாம். ஈரலில் புழு இருந்தால் கடைக்காரர் கண்ணுக்கே தெரிந்துவிடும், தூக்கிப் போட்டுவிடுவார். காட்மியம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஆட்டின் வயது ஏற ஏறத்தான் சேரும். எனவே ஈரலோ குண்டிக்காயோ வாங்கப் போனால், பழைய ஆட்கள் செய்வதையே செய்யுங்கள். கடையில் தலையைத் தனியாக வைத்திருப்பார்கள். உதட்டைத் தூக்கி, இரண்டு பல்லா நான்கு பல்லா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த ஆட்டின் ஈரலைக் கேளுங்கள்.